உருமிக்கு ஒரு மண்டபம்

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாலை நேர நிகழ்ச்சியில் "உங்கள் பக்கத்து வீட்டுச் சத்தம்" என்று விளையாட்டாக ஒரு தலைப்பு வைத்தேன். கார் அலாரம், கரவோக்கே, விடியற்காலைச் சேவல் என்று நேயர்கள் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். நடுவில் செராஸ் அடுக்குமாடி வீடுகளிலிருந்து அடுத்தடுத்து இரண்டு அழைப்புகள். இரண்டுமே ஒரே சத்தத்தைப் பற்றியவை. உருமி!

முதலில் பேசியவர் இரவு வேலைக்குப் போகும் ஓர் ஐயா. "பசங்க கார் நிறுத்துற இடத்துல ஏழு மணிக்கு ஆரம்பிச்சிடுறாங்கம்மா. எனக்குப் பத்து மணிக்கு வேலை. அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் கண்ணை மூட முடியல" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

அடுத்து ஓர் அம்மா. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். "அந்தக் கொட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா என் மகன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்மா. சத்தம் நின்னாதான் எனக்கு வயித்தைக் கலக்கும்" என்றார்.

இருவர் சொன்னதும் நியாயம். ஐயாவுக்குத் தூக்கம் வேண்டும், பையனுக்குக் கொட்டு வேண்டும். இந்த இரண்டையும் தீர்க்கக்கூடிய வசதி பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. கீழே, பூட்டிக் கிடக்கிறது. இந்த வாரம் நான் பேச வந்தது அந்தப் பூட்டைப் பற்றித்தான்.

ஒரு கட்டடம், 316 வீடு

செராஸ் என்றதும் பலருக்குப் புதன்கிழமை தாமான் கோனோட் பசார் மாலாம்தான் நினைவுக்கு வரும். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடைகள், ஒரே கூட்டம். 2017 ஜூலையில் காஜாங் வரை எம்ஆர்டி ஓடத் தொடங்கிய பிறகு கொக்ரேன், மலூரி, தாமான் மிடா என்று நிலையத்துக்கு நிலையம் செராஸின் முகம் மாறிவிட்டது. அந்தப் புது முகத்துக்குப் பக்கத்திலேயே டேசா துன் ரசாக், பண்டார் துன் ரசாக் வட்டாரங்களில் பிபிஆர் அடுக்குமாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

பிபிஆர் வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று அறை, 650 முதல் 700 சதுர அடி. கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பிபிஆர் வீடுகளுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். பதினேழு, பதினெட்டு மாடிகள். வழக்கமான ஒரு கட்டடத்தில் 316 வீடுகள் இருக்கும். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தாலே ஒரே கட்டடத்தில் 1,500 பேருக்கு மேல் வந்துவிடும். அந்தக் காலத்துத் தோட்டம் ஒன்றின் மொத்த ஜனத்தொகை ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வாழும் நம்மவர்களில் பல குடும்பங்களின் கதை ஒரே வழித்தடத்தில் போகும். தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. பிறகு நகர ஓரத்துப் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு, அங்கிருந்து தற்காலிக நீண்ட வீடு, கடைசியில் இந்தப் பதினெட்டு மாடி. வீடு உறுதியாகிவிட்டது, மழைக்கு ஒழுகாது, வெள்ளம் வராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொது இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. லயத்துக்கு முன்னால் திடல் இருந்தது. திடலுக்குப் பக்கத்தில் கோயில் இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு நாடகம், கோலாட்டம், கொட்டு எல்லாம் அங்கேயே பழகி அங்கேயே அரங்கேறும். எவன் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் பத்து வருடம் ஓட்டிவிடலாம்.

யுனிசெஃப் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூர், பெட்டாலிங் வட்டாரத்தில் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்கள், 2,142 பிள்ளைகளைப் பற்றிய கணக்கு அது. சாப்பாட்டைப் பற்றியும் உடல் வளர்ச்சியைப் பற்றியும் அது சொன்னவை அப்போது பரவலாகப் பேசப்பட்டன. அதிகம் பேசப்படாத வேறு இரண்டு விவரங்களும் அதில் இருந்தன. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் மூன்றில் ஒன்றில் அவர்கள் படிக்க ஒரு புத்தகமும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் பத்தில் நான்கில் விளையாட்டுப் பொருள் எதுவும் இல்லை. வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லாத பிள்ளை எங்கே போகும்? கீழே இறங்கும்.

கீழே யார் நிற்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அப்போது சொல்லப்பட்ட கணக்குப்படி அவற்றின் உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர். அதில் இந்தியர்கள் 70 விழுக்காட்டுக்கும் மேல். நாட்டு மக்கள் தொகையில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் தூக்கம் வராது. கும்பல் ஒரு பையனுக்குக் கொடுப்பது பணம் மட்டுமில்லை. ஒரு பெயர், ஒரு கூட்டம், "நம்ம பையன்" என்று தோளில் கைபோடும் ஓர் அண்ணன், சாயங்காலம் போய் நிற்க ஓர் இடம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கிறது.

கையில் இருக்கும் கலை

நம் சமூக நிகழ்ச்சிகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகம் உண்டு: "நம்ம இளைஞர்களைக் கலை பக்கம் திருப்பணும்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இளைஞர்கள் ஏற்கெனவே ஒரு கலையைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

உருமி, இடுப்பு ஒடுங்கிய இருமுகக் கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் வரும் உறுமல்தான் அதற்குப் பெயர் கொடுத்தது. கேட்கச் சுலபமாகத் தெரியும். நான் ஒருமுறை செராஸில் ஒரு குழுவின் பயிற்சியில் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், "அக்கா, கையால தேய்க்காதீங்க, தோள்ல இருந்து வரணும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அவனே பள்ளியில் நாற்பது நிமிடம் உட்கார மாட்டான் என்று அவன் நண்பர்கள் கேலி செய்தார்கள். இங்கே இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான்.

ஒரு குழுவில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். உருமி, தவில், பம்பை, ஜால்ரா எல்லாம் ஒன்றையொன்று கேட்டு வாசிக்க வேண்டும். தனக்கு மட்டும் வேகம் எடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும். மூத்தவர் கண் காட்டினால் இளையவர் நிறுத்த வேண்டும். தோல் கிழிந்தால் பணம் சேர்த்து மாற்ற வேண்டும். காவடி முன்னால் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்க உடம்பில் தெம்பு வேண்டும். விரதமும் இருக்க வேண்டும். சட்டை அச்சடிப்பது, வேன் பிடிப்பது, கோயிலோடு பேசிப் பணம் முடிவு செய்வது என்று ஒரு சின்னக் கம்பெனியே நடக்கிறது. எந்த மானியமும் இல்லாமல், எந்த வகுப்பறையும் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் இதையெல்லாம் தங்களுக்குள்ளேயே கற்றுக்கொள்கிறார்கள்.

அவர்கள் மீது புகார்களும் உண்டு. கோயிலில் சினிமா மெட்டு வாசிக்கிறார்கள், சட்டையில் கும்பல் சின்னம் போடுகிறார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள் என்று ஒவ்வொரு தைப்பூசத்துக்கு முன்னாலும் கேட்கிறோம். சில குழுக்களைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருக்கிறது. இளைஞர்கள் கூடும் இடம் எதுவென்று ஆள் பிடிக்கிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத கார் நிறுத்துமிடம் அவர்களுக்கு வசதி. அதற்காகக் கொட்டைப் பிடுங்கி வைத்தால் பையன்கள் அதே கார் நிறுத்துமிடத்தில் கொட்டு இல்லாமல் நிற்பார்கள். அது இன்னும் மோசம்.

அடிதடியிலிருந்து தேசிய இசைக்கருவி வரை

இதே சிக்கலைக் கடந்து வந்த ஊர் ஒன்று உலகத்தின் மறுகோடியில் இருக்கிறது. டிரினிடாட். நம் முன்னோர் ரப்பர் தோட்டத்துக்கு இங்கே வந்ததுபோல, 1845 முதல் இந்தியத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய் இறங்கிய தீவு. அங்கே ஏற்கெனவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் இருந்தார்கள். 1880களில் ஆங்கிலேய அரசு அவர்களுடைய பறைகளைக் கட்டுப்படுத்தியது. கொட்டு இருந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் கலகம் வரும் என்ற பயம்.

மக்கள் விடவில்லை. மூங்கிலைத் தரையில் தட்டி வாசித்தார்கள். அதற்கும் தொல்லை வந்தபோது பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் முகத்தைச் சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் வரவைத்தார்கள். அதுதான் ஸ்டீல் பேன். தலைநகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த கருவி. அன்றைக்கு அதை வாசித்தவர்கள் ரவுடிகள் என்றுதான் பெயர் வாங்கினார்கள். பேட்டைக்கு ஒரு குழு. திருவிழாவில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே வந்தால் அடிதடி. நல்ல குடும்பத்துப் பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் தடை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1951-இல் லண்டனில் நடந்த விழாவுக்கு அனுப்ப, ஒன்றோடொன்று போட்டியிட்ட பல குழுக்களிலிருந்து ஆளெடுத்து ஒரே அணி அமைத்தார்கள். பிறகு நிறுவனங்கள் குழுக்களுக்கு ஆதரவு தர முன்வந்தன. 1963-இல் பனோரமா என்ற தேசியப் போட்டி தொடங்கியது. அடிதடிக்குப் போன வீரம் போட்டிக்குத் திரும்பியது. 1992-இல் ஸ்டீல் பேன் டிரினிடாட்டின் தேசிய இசைக்கருவியானது. 2023-இல் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல் பேன் நாளாக அறிவித்தது.

இந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது விருதுகள் இல்லை. அந்த ஊரில் 'பேன் யார்ட்' என்று ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு பேட்டையிலும் குழு பயிற்சி செய்யும் முற்றம். திருவிழாக் காலத்தில் மாலையானால் பாட்டியும் பேரனும், வாசிக்கிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் அங்கே கூடிவிடுவார்கள். பையன்கள் பெரியவர்கள் கண்ணெதிரே இருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஜொகூர் பாருவைப் பாருங்கள். 1988-இல் டான் சாய் புவான், டான் ஹூய் சோங் இருவரும் சேர்ந்து 'இருபத்து நான்கு பருவக் கொட்டு' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். சீன நாட்காட்டியின் 24 பருவங்களுக்கு 24 கொட்டு. இன்றைக்கு நாடு முழுதும் சீன இடைநிலைப்பள்ளிகளில் அதற்குக் குழுக்கள் இருக்கின்றன. 2009-இல் அது நம் நாட்டின் தேசிய மரபுச் செல்வமாக அங்கீகரிக்கப்பட்டது. இந்த மண்ணில், நம் பலருடைய வாழ்நாளிலேயே பிறந்த கலை! சிங்க நடனக் குழுக்களும் ஒரு காலத்தில் இரகசியக் கும்பல்களோடு சேர்த்துப் பேசப்பட்டவைதான். பள்ளியும் சங்கமும் பயிற்சிக்கு இடம் கொடுத்தன, ஆசிரியர் வைத்தன, போட்டி நடத்தின. பெயரும் மெல்ல மாறியது.

உருமிக்கு இவற்றில் எது கிடைத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இடம், நேரம், ஆசான்

கலை வளர்க்கும் பெரிய நிலையங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கியது. பரதம், கர்நாடக இசை, தபலா என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே கற்கிறார்கள். தித்திவங்சா பக்கம் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா இருக்கிறது. ஒடிசி நடனத்துக்காக இந்திய அரசு அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தது.

என் வகுப்புத் தோழிகள் சிலர் சனிக்கிழமை தவறாமல் பிரிக்பீல்ட்ஸுக்கு நடனம் பயிலப் போவார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட அப்பாவிடம் கார் இருந்தது. காத்திருந்து கூட்டிவர அம்மாவுக்கு நேரம் இருந்தது. அந்தச் சிற்றுண்டிச்சாலை அம்மாவைப்போல, சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, பதினெட்டாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கி நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் கைக்கு எட்டும்.

அப்படி எட்டும் தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. பிபிஆர் கட்டும்போதே பல்நோக்கு மண்டபமும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். நான் போய்ப் பார்த்த குடியிருப்புகளில் அது கல்யாணத்துக்கும், கெண்டூரிக்கும், எப்போதாவது நடக்கும் கூட்டத்துக்கும் திறக்கும். மற்ற நாள்களில் பூட்டு. பூட்டுவதற்கும் காரணம் சொல்கிறார்கள்: நாற்காலி உடைகிறது, மின்விசிறி காணாமல் போகிறது, யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். வாரம் இரண்டு மாலை, ஆறிலிருந்து எட்டு வரை என்று நேரம் குறித்து, ஒவ்வொரு முறையும் ஒரு பெரியவர் சாவியோடு வந்து திறந்து, முடிந்ததும் எண்ணிப் பார்த்துப் பூட்டிவிட்டுப் போனால் போதும். எட்டு மணிக்கு நிற்கும் என்று தெரிந்தால் இரவு வேலை ஐயாவும் அதற்கேற்பத் தூங்கிக்கொள்வார். நான்கு சுவருக்குள் சத்தமும் பாதியாகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பெண் பிள்ளைகள். உருமி வாசிக்க ஆசைப்படும் பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். இருட்டிய கார் நிறுத்துமிடத்துக்கு எந்த அம்மாவும் மகளை அனுப்ப மாட்டார். விளக்கெரியும் மண்டபம், தெரிந்த அக்காவோ அத்தையோ பக்கத்தில் என்றால் அனுப்புவார். பையன்களின் பேச்சும் நடத்தையும்கூட அங்கே தானாக மாறும்.

ஆசான் விஷயத்தில் பலர் தயங்குகிறார்கள். புகழ்பெற்ற வித்துவானைத் தேட வேண்டியதில்லை. குழுவில் பத்து வருடம் வாசித்துவிட்டு, கல்யாணமாகி, இப்போது லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் அதே கட்டடத்தில் இருப்பார். அவரை அழைத்து, மரியாதை கொடுத்து, கையில் சிறிது பணமும் கொடுங்கள். இலவசமாக வா என்று கலைஞனைக் கூப்பிடும் பழக்கம் நமக்கு அதிகம். அதை இங்கே காட்ட வேண்டாம்.

மூன்று கொட்டு, ஒரே வாசல்

நம் அடுக்குமாடிகளில் நாம் மட்டும் இல்லை. மலாய்க்கார இளைஞர்களிடம் கொம்பாங் இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை வரும்போது அந்தச் சத்தம் கேட்காத பிபிஆர் கிடையாது. சீனப் பிள்ளைகள் பள்ளியில் பருவக் கொட்டு வாசிக்கிறார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருவர் மொழி இன்னொருவருக்கு வராவிட்டாலும் தாளம் புரியும்.

இதைச் சொல்லும்போது நினைவுக்கு வருவது தாமான் மேடான். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா பழைய கிள்ளான் சாலைப் பக்கத்து ஏழைக் குடியிருப்புகளில் மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் கல்யாணப் பந்தல், இன்னொரு பக்கம் இறுதிச் சடங்கு. நெருக்கடியான இடத்தில் தொடங்கிய சச்சரவு வதந்தியால் பெரிதானது. போலீஸ் வந்தது, அரசியல்வாதிகள் வந்தார்கள், பிறகு எல்லோரும் போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு அங்கே போனவர்கள் நாடகக்காரர்கள். கிருஷன் ஜிட், மரியோன் டி குருஸ், எழுத்தாளர் கே.எஸ். மணியம் உள்ளிட்டோர் 1984-இல் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழு, தாமான் மேடான் இளைஞர்களோடு சமூகக் கலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தியது. எனக்கு அதில் பிடித்த அம்சம் அந்தச் 'சில ஆண்டுகள்'. ஒரு நாள் ஒற்றுமை விழா நடத்தி, சட்டை கொடுத்து, படம் எடுத்துவிட்டுப் போவது சுலபம். ஒரே பிள்ளைகளை மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பது கடினம். பிள்ளைகள் நம்மை நம்புவது இரண்டாவது வழியில்தான்.

பாட்டியும் ஒரு கலைக்களஞ்சியம்

உருமியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் வேறு எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்டடத்தின் 316 கதவுகளுக்குப் பின்னால் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று நாம் கணக்கெடுத்ததே இல்லை.

பினாங்கில் அப்படிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த ஜேனட் பிள்ளையும் அவருடைய நண்பர்களும் 2000-ஆம் ஆண்டையொட்டி 'அனாக் அனாக் கோத்தா' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டு, பழைய குடியிருப்பாளர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய்ப் பழைய கைத்தொழில் செய்பவர்களையும் முதியவர்களையும் சந்தித்துப் பேட்டி எடுத்து, கேட்டதை நாடகமாகவும் ஓவியமாகவும் செய்திமடலாகவும் மாற்றினார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானபோது, தங்கள் தெருவின் கதை தெரிந்த ஓர் இளம் தலைமுறை ஏற்கெனவே அங்கே இருந்தது. இந்த முறைக்குப் பண்பாட்டு வரைபடம் என்று பெயர். ஜேனட் பிள்ளை 2013-இல் இதற்கு ஒரு கையேடே எழுதியிருக்கிறார்.

செராஸில் இதைச் செய்ய நிபுணர் வேண்டாம். எஸ்பிஎம் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நான்கு பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு கைப்பேசி. வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி: "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? யாரிடம் கற்றீர்கள்? இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா?" தோட்டத்தில் கும்மி அடித்த பாட்டி கிடைப்பார். பூமாலை கட்டும் அத்தை கிடைப்பார். நாடக மேடைக்குச் சீலை வரைந்த தாத்தா கிடைப்பார். மடிக்கணினியில் பீட் போடும் தம்பியும் கிடைப்பான். 2006-இல் யோகி பி – நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. நம் மலேசியப் பையன்கள் பாடும் தமிழ் ராப்பைத் தமிழ்நாடே கேட்கிறது என்று தெரிந்தபோது வகுப்பில் பாதிப் பேர் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரிகள் எழுத ஆரம்பித்துவிட்டோம். அந்தப் பக்கங்களில் பலவற்றைப் பிறகு யாரும் படிக்கவே இல்லை. படித்து, "இன்னொன்று எழுது" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஊடகம் படித்த என்னைப் போன்றவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒலிவாங்கியைப் பிடிப்பது, பேட்டி எடுப்பது, பதிவைச் சுத்தம் செய்வது எல்லாம் ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கணக்காளர் வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். வழக்கறிஞர் குழுவை முறைப்படி சங்கமாகப் பதிவு செய்ய உதவலாம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கலாம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கோயிலோடு ஒப்பந்தம் எழுதலாம். வாசித்த பணம் எவன் பையிலோ போகாமல் எல்லோருக்கும் தெரிந்த கணக்கில் சேரும்.

எதைச் செய்யாது, எதைச் செய்யும்

உருமி அடித்தால் குண்டர் கும்பல் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குக் கொட்டு அடையாள அட்டை வாங்கித் தராது. வேலையில்லாத அப்பாவுக்கு வேலை தராது. எஸ்பிஎம்மில் கணிதம் தேற வைக்காது. அவற்றுக்குத் தனியாகப் போராட வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு ஒரு பையன் வரவில்லை என்றால் "அவன் எங்கே?" என்று கேட்க பத்துப் பேர் இருப்பார்கள் என்பதுதான் குழு தரும் உதவி. வகுப்புக்கு மட்டம் போட்டால் இந்த வாரம் உருமி கிடையாது என்று சொல்ல ஓர் அண்ணன் இருப்பார். அவன் கண்ணில் தூக்கமோ பயமோ தெரிந்தால் கவனிக்க ஓர் அக்கா இருப்பாள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லாததை அந்த அக்காவிடம் சொல்வான். பிரச்சினை முற்றுவதற்கு முன்னால் ஒருவருக்குத் தெரிந்துவிடும். ஆள் பிடிக்க வருகிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மணி நேர விளக்கு, விசிறிக் கட்டணம், ஆசானுக்கு ஒரு தொகை, கிழிந்த தோலுக்கு மாற்று. ஒரு நாள் கலைநிகழ்ச்சிக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் போடும் பணத்தில் பல மாதம் நடத்தலாம். பொங்கலுக்கோ மெர்டேகாவுக்கோ குடியிருப்பில் விழா நடந்தால், வெளியூர்க் குழுவுக்குப் பதில் நம் கட்டடத்துப் பிள்ளைகளையே மேடை ஏற்றுங்கள். தேதி குறித்துவிட்டால் பயிற்சிக்கு வேகம் தானாக வரும். கொம்பாங் குழுவையும் பருவக் கொட்டுக் குழுவையும் சேர்த்தே கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம் உங்கள் குடியிருப்பாளர் சங்கமோ ருக்குன் தெத்தாங்காவோ கூட்டம் போடும். வழக்கமாகக் குப்பை, மின்தூக்கி, கார் நிறுத்துமிடம் பற்றிப் பேசி முடித்துவிடுவார்கள். அன்றைக்குக் கையைத் தூக்கி இரண்டே கேள்வி கேளுங்கள்: மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது? செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு அதை வாங்கித் திறக்க நம்மில் யார் வரப்போகிறோம்? பதில் வரும்வரை உட்காராதீர்கள். தேவைப்பட்டால் நீங்களே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.